கழுவாத ஸ்பாஞ்ச் ஒண்ணு கொடுங்க

ரெண்டு வருஷம் முன்னாடி தங்கச்சி பிறந்தநாளுக்கு ஒரு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தேன். ஒன்றரை அடி கண்ணாடித் தொட்டி, கலர் கல், பிளாஸ்டிக் செடி, உள்ளே வைக்கிற சின்ன ஃபில்டர், ஆறு கோல்ட்ஃபிஷ். எல்லாம் ஒரே கடை, ஒரே நாள், ஒரே பில். கடைக்காரர் ஒரு சின்ன பாட்டிலையும் கையில் கொடுத்து, "பத்து சொட்டு விட்டுட்டு மீனை விடுங்க தம்பி, அவ்வளவுதான்" என்றார்.

பத்தாவது நாள் ஆறாவது மீனும் மிதந்தது. தங்கச்சி ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா மட்டும், "நம்ம வீட்டுக்கு வர இருந்தத அது வாங்கிக்கிச்சுடா, விடு" என்று முடித்துவிட்டார்.

நம்ம ஊரில் பல மீன் தொட்டிகளின் கதை இதுதான். மீன் செத்தால் திருஷ்டி கழிஞ்சது. மறுபடியும் செத்தால் "நமக்கு மீன் ராசி இல்ல". அப்புறம் தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும்.

என் கருத்தை நேராகச் சொல்லிடறேன். அந்த ஆறு மீனையும் கொன்றது திருஷ்டி இல்லை, அம்மோனியா. அதைத் தடுக்க பெரிய செலவும் தேவைப்பட்டிருக்காது. ஏற்கெனவே நல்லா ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்று போதும். மீன் வளர்க்கிற ஒவ்வொருத்தரும் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அதைக் கொடுக்கணும். தொட்டி விற்கிற கடைகளும் கொடுக்கணும்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அதே செமஸ்டரில் சுற்றுச்சூழல் பேப்பரில் நைட்ரஜன் சுழற்சியை அம்புக்குறி எல்லாம் போட்டு வரைந்து நல்ல மார்க் வாங்கியிருந்தேன். பேப்பரில் சுழற்சி ஓடியது. வீட்டில் மீன் செத்தது. ரெண்டும் ஒரே விஷயம் என்று தோன்றவே இல்லை.

நடந்தது இதுதான். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடும். கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் இன்னும் சேரும். பழைய தொட்டியில் இது பிரச்சினை ஆகாது. அங்கே ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அந்த அளவுக்கு மோசம் இல்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும்.

புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் கிட்டத்தட்ட இருக்காது. தானாக வளரட்டும் என்று விட்டால் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நம்ம குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிஷத்தில் ரெண்டாகும். இவை ரெண்டாக அரை நாளுக்கு மேலே எடுத்துக்கொள்ளும். அதற்குள் மீனுக்கு நேரம் முடிந்துவிடும். தண்ணீரின் பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், விஷமான வடிவத்தில் இருக்கும் அம்மோனியா கிட்டத்தட்ட 10 மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கோங்க.

போதாக்குறைக்கு, தண்ணீர் கலங்கியதும் நாங்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சை எடுத்துக் குழாயடியில் பிழிந்து பிழிந்து கழுவினோம். குழாய்த் தண்ணீரில் குளோரின். அந்தப் பாக்டீரியா முக்கியமாகக் குடியிருக்கும் இடமே ஸ்பாஞ்ச்தான். கொஞ்சநஞ்சம் வளர்ந்ததையும் நாங்களே சுத்தம் என்ற பெயரில் கொன்றோம்.

இந்தக் கதையை ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணாவிடம் சொன்னேன். அவர் இந்த ஊர்க்காரர், வீட்டில் நாலு தொட்டி வைத்திருந்தார். "அடுத்த தடவை வீட்டுக்குப் போறப்போ என்கிட்ட வந்துட்டுப் போ" என்றார். போனேன். மீன் போட்டுத் தருகிற பாலித்தீன் கவரில் தொட்டித் தண்ணீர் பாதி, காற்று பாதி, நடுவில் கறுத்துப்போன ஒரு ஸ்பாஞ்ச். "இதுதான் உறை மோர். கழுவிடாத" என்று சொல்லிக் கொடுத்தார்.

உறை மோர் என்றதும் புரிந்துவிட்டது. பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு அது தானாகத் தயிராகட்டும் என்று நம்ம வீட்டில் யாரும் காத்திருப்பதில்லை. உறை தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கேட்போம். அவங்களும் காசு கேட்க மாட்டாங்க. தொட்டிக்கும் அதே கணக்குதான்.

இது வெறும் வீட்டு வைத்தியமும் இல்லை. 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற ரெண்டு பேர் சாக்கடைத் தண்ணீருக்குள் காற்றைச் செலுத்திச் சோதித்தார்கள். முதல் முறை அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக ஏறக்குறைய ஐந்து வாரம் ஆனது. அடியில் தங்கிய சேற்றைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புது சாக்கடைத் தண்ணீரை ஊற்றித் திரும்பத் திரும்பச் செய்தார்கள். கடைசியில் ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பல கழிவுநீர் நிலையங்கள் அந்த வழியில்தான் ஓடுகின்றன. புது நிலையம் ஆரம்பிக்கும்போது பழைய நிலையத்துச் சேற்றைக் கொண்டுவந்து போடுவதும் வழக்கம்.

அண்ணா கொடுத்த ஸ்பாஞ்சை அன்றைக்கே தொட்டியில் போட்டு, அன்றைக்கே மீனும் விட்டேன். இந்த முறை கோல்ட்ஃபிஷ் இல்லை. அது பெரிதாக வளரும், அழுக்கும் அதிகம், ஒன்றரை அடிக்குத் தாங்காது. அஞ்சு கப்பி மட்டும். ரெண்டு வாரம் அம்மோனியா டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். திரவம் ஒரு தடவைகூடப் பச்சையாகவில்லை, மஞ்சளாகவே இருந்தது. ஒரு மீனும் சாகவில்லை. இப்போது குட்டி போட்டுக் கணக்கு தெரியாமல் போய்விட்டது.

எதிர்ப்பக்க வாதங்களும் உண்டு. "பாட்டிலில் பாக்டீரியா விற்கிறாங்களே?" என்று கேட்கலாம். சிலது வேலை செய்யும். ஆனால் உள்ளே இருப்பது உயிர். நம்ம வெயிலில் லாரியில் எத்தனை நாள், கடை ஷெல்ஃபில் எத்தனை மாசம் இருந்தது என்று லேபிளில் தெரியாது. ஓடும் தொட்டியில் மீன் நலமாக இருப்பதை நம்ம கண்ணாலேயே பார்க்கலாம்.

"பழைய தொட்டியிலிருந்து நோய் வராதா?" நியாயமான பயம். வெண்புள்ளி நோய், நத்தை, ஒட்டுண்ணி எல்லாம் கூடவே வரலாம். அதனால் கடந்த ஒரு மாசமாகப் புது மீன் விடாத, மீன் சாகாத, மருந்து ஊற்றாத தொட்டியிலிருந்து மட்டும் வாங்குங்க. கடைகளில் வாராவாரம் புது மீன் வருவதால் அவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் மீன் விற்காத ஒரு தனித் தொட்டியில் பத்து ஸ்பாஞ்சைப் போட்டு ஓட்டுவது கொளத்தூர் மாதிரி வண்ண மீனே தொழிலான இடத்தில் முடியாத காரியம் இல்லை. நூறு ரூபாய் கூட வைத்து விற்கட்டுமே. மீன் பிழைத்தால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வருவார். செத்தால் தொட்டி மொட்டை மாடிக்குப் போகும்.

வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஸ்பாஞ்ச் காயக் கூடாது, வெயில் படக் கூடாது. அந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் வேண்டும், அதனால் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேருங்க. புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தை ஊற்றிய பிறகு போடுங்க. பழைய தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பெரிய பிரயோஜனம் இல்லை. மீனைக் கொஞ்சமாக விடுங்க, ஏனென்றால் ஸ்பாஞ்சில் இருக்கும் கூட்டம் தன் பழைய தீனிக்கு ஏற்ற அளவுதான் இருக்கும். கொடுக்கிறவர்களும் மூணில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீங்க, உங்க தொட்டி தடுமாறும்.

அம்மா இன்னமும் திருஷ்டியை நம்புகிறார். ஆனால் ஸ்பாஞ்சை இப்போது வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் மட்டும் அலசுகிறார். எனக்கு அது போதும்.

அந்த அண்ணா வேலைக்குப் போய்விட்டார். நானும் மே மாசம் கிளம்பிடுவேன். என் ஃபில்டருக்குப் பக்கத்தில் ரெண்டு எக்ஸ்ட்ரா ஸ்பாஞ்ச் போட்டு நாலு மாசம் ஆகிறது, இப்போ நல்லா கறுத்திருக்கு. வீட்டில் தொட்டி வைக்கப்போகும் ஜூனியர்ஸ் யாராவது இருந்தால், மீன் வாங்குவதற்கு முன்னாடி என்னை வந்து பாருங்க. வீட்டிலிருந்து எடுத்துவந்து தர்றேன். ஒரு டப்பா மட்டும் கொண்டு வாங்க. காசு வேண்டாம். அடுத்த வருஷம் இன்னொருத்தருக்குக் கொடுத்தால் போதும்.