பரணில் தூங்கும் கச்சேரிகள்

மதுரை மணி ஐயர் 1968-ல் மறைந்தார். ஜி.என்.பாலசுப்ரமணியம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே போய்விட்டார். ஆனாலும் இன்றைக்கு இருபது வயதில் இருக்கும் ஒரு ரசிகரால், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி செல்போனில் இவர்களைக் கேட்க முடிகிறது.

இதற்கு ரெக்கார்டு கம்பெனிகளுக்கு மட்டும் நன்றி சொன்னால் போதாது. அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கியது சுமார் மூன்றரை நிமிடம்தான். அரை மணி நேர ராக ஆலாபனை, நிரவல், ஸ்வரம் என்று விரிகிற நிஜக் கச்சேரியைக் காப்பாற்றித் தந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண ரசிகர்கள். கனமான ஸ்பூல் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சபாவுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் போனவர்கள். வானொலிக் கச்சேரியை வீட்டிலிருந்தே பதிவு செய்தவர்கள்.

அந்த டேப்புகளில் பலவற்றுக்கு இப்போது வயது அறுபது. பதிவு செய்தவர்களும் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். வீடு மாற்றும்போது, ‘இது என்ன, பழைய சாமானா?’ என்ற கேள்வியோடு ஒரு பெட்டி குப்பைக்குப் போனால், உலகத்தில் அந்த ஒரு கச்சேரி அத்தோடு முடிந்தது.

டேப்புக்கு என்ன ஆகிறது?

டேப் என்பது ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் இரும்பு ஆக்சைடு துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பாட்டு அந்தத் துகள்களில்தான் இருக்கிறது. 1970, 80-களில் வந்த சில டேப்புகளில் இந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓடவிட்டால் துகள்கள் உரிந்து, மெஷினின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். பாட்டு கண்ணெதிரே அழுக்காக வந்துவிடும். இதற்கு வைத்தியம் உண்டு. சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் பதமாக வைத்தால், பசை தற்காலிகமாக இறுகும். அந்த இடைவெளியில் பிரதி எடுத்துவிட வேண்டும்.

ஆனால், எல்லா டேப்புக்கும் இந்த வைத்தியம் ஆகாது. அதற்கும் முந்தைய டேப்புகளில் பல, அசிடேட் என்ற பொருளால் ஆனவை. அவை கெடும்போது வினிகர் வாசனை அடிக்கும், அப்பளம்போல் நொறுங்கும். அவற்றைச் சூடுபடுத்தவே கூடாது. அடையாளம் காண்பது சுலபம். ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், சுற்றின் வழியாக ஒளி கசிந்து தெரிவது அசிடேட். தெரியாதது பாலியெஸ்டர்.

சுருதி ஏறிய கச்சேரி

ஒலியைச் சீரமைப்பது என்றதும் இரைச்சலை நீக்குவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது கடைசி வேலை. முதல் வேலை, டேப்பைச் சரியான மெஷினில், சரியான வேகத்தில் ஓட்டுவது.

பழைய ரெக்கார்டர்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடியவை அல்ல. மின்சாரம் குறைந்தால் சில தடுமாறும். பேட்டரியில் ஓடியவையோ, பேட்டரி தீரத் தீர மெதுவாகும். மெதுவாகப் பதிவானதைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால், பாட்டு வேகமாகவும் சுருதி கூடியும் கேட்கும். ஆறு சதவீதம் வேகம் கூடினாலே போதும், ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவதுபோல ஆகிவிடும். குரல் இளமையாகும், பிருகாக்கள் நம்ப முடியாத வேகத்தில் உதிரும். ‘அந்த நாளில் என்ன வேகம் பார்த்தீர்களா’ என்று வியக்கப்படும் சில பதிவுகளில், அந்த வேகம் பாடகருடையதா, மோட்டாருடையதா என்பதே சந்தேகம்.

அவர் என்ன சுருதியில் பாடினார் என்று தெரிந்தால் சரிசெய்துவிடலாம். ஆனால் பாடகர்களின் சுருதி வயதோடு மாறக்கூடியது. இங்கேதான் ஒரு எதிரி நண்பனாகிறது. பழைய பதிவுகளில் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்கும். மின்கம்பியிலிருந்து வந்து சேர்ந்த ஓசை அது. இந்தியாவில் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். டேப்பில் பதிவான உறுமல் 53 ஹெர்ட்ஸில் கேட்டால், டேப் ஏறக்குறைய ஆறு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். மின்சாரமும் சற்று ஏறி இறங்கும் என்பதால், இதை மட்டும் நம்பாமல், அதே காலத்து வானொலிப் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. உறுமலை முதலிலேயே துடைத்து எறிந்துவிட்டால் இந்தத் தடயமும் போய்விடும்.

இரைச்சல் எது, இசை எது?

இனி, சுத்தம் செய்யும் கட்டம். பாட்டு இல்லாத இடத்தில் கேட்கும் ‘ஸ்ஸ்ஸ்’ ஓசையை மென்பொருளுக்கு மாதிரியாகக் காட்டினால், கச்சேரி முழுக்க அதே ஓசையைத் தேடிக் கழிக்கும். நடுவில் வரும் இருமலைக் கணினித் திரையில் படமாகவே பார்த்து, கறையை அழிப்பதுபோல் அழிக்கலாம்.

இவ்வளவு வசதி இருப்பதுதான் ஆபத்தும். டேப் இரைச்சலும் தம்புராவின் மேல் ஸ்தாயி ரீங்காரமும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன. இடைவிடாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணும் மென்பொருள், தம்புராவையும் சேர்த்துக் கழித்துவிடும். ‘டிக், டிக்’ ஓசையை நீக்கும் கருவிக்கு, கடத்தில் விழும் தட்டும் மிருதங்கத்தின் சாப்பும் கோளாறாகவே தெரியும். ஒரேயடியாகத் துடைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். இணையத்தில் ‘தெளிவான ஒலி’ என்று பெருமையோடு ஏற்றப்படும் சில பதிவுகளைக் கேட்டால், சபாவே காலியாக இருந்ததுபோல் இருக்கும்.

முன்வரிசையிலிருந்து எழும் ‘பலே’, ‘ஆஹா’ எந்த வகை? அது இரைச்சல் இல்லை. எந்த சங்கதிக்கு அந்தச் சத்தம் எழுந்தது என்பதும் கச்சேரியின் வரலாறுதான். இருமலை எடுத்துவிடலாம், பலேயை எடுக்கக் கூடாது. இந்த வித்தியாசம் தெரிய நல்ல கம்ப்யூட்டர் போதாது. கச்சேரி கேட்டுப் பழகிய காது வேண்டும்.

திருப்பித் தரவே முடியாத இழப்பும் உண்டு. 1,200 அடி டேப், நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 32 நிமிடம்தான் ஓடும். டேப் விலை அதிகம். மிச்சம் பிடிக்க, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் ரெக்கார்டரை நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ மிருதங்க வித்வான்களின் உழைப்பு அந்த இடைவெளியில் போய்விட்டது. பதிவே ஆகாததை எந்தத் தொழில்நுட்பமும் மீட்காது.

கூச்சலுக்குள் கேட்ட குரல்

உலகம் முழுக்க இதே போராட்டம்தான். 1964, 65-ல் லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பௌல் அரங்கில் பீட்டில்ஸ் பாடியபோது, ரசிகர்களின் கூச்சல் பாட்டையே மூழ்கடித்தது. டேப்பில் மொத்தம் மூன்று தடங்கள். அவற்றிலும் கூச்சல் புகுந்திருந்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் போராடி 1977-ல் ஓர் ஆல்பமாக்கினார். பிறகு லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவின் ஜேம்ஸ் கிளார்க், கலந்துவிட்ட ஒலிகளைத் தனித்தனியே பிரிக்கும் மென்பொருளை உருவாக்கினார். அதைக் கொண்டு, ஜார்ஜின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் 2016-ல் அதே கச்சேரிகளைப் புதிதாகத் தந்தார். பாட்டு முன்னே வந்தது. கூச்சலையும் அவர் முழுக்க நீக்கிவிடவில்லை. அது இல்லாமல் அது பீட்டில்ஸ் கச்சேரியே இல்லை!

வீட்டில் டேப் இருந்தால்...

* ‘ஓடுகிறதா பார்க்கலாம்’ என்று கையில் கிடைத்த மெஷினில் போட வேண்டாம். பூஞ்சை, பிசுபிசுப்பு, வினிகர் வாசனை இருந்தால் அனுபவம் உள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

* கேசட் ஓடாவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறு பஞ்சு விழுந்திருக்கும், அல்லது கூடு கெட்டிருக்கும். நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம்.

* முதல் பிரதியை எந்தத் திருத்தமும் இல்லாமல், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ‘வேவ்’ கோப்பாக எடுத்து இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். சுத்தம் செய்வதெல்லாம் அதன் நகலில்தான். நாளை இன்னும் நல்ல மென்பொருள் வரும்போது இந்த மூலம் தேவைப்படும்.

* எம்.பி.3 என்பது கேட்பதற்கும் பகிர்வதற்கும் மட்டும். சேமிப்புக்கு அது ஆகாது.

* பிரதி எடுத்த பிறகும் டேப்பை வைத்திருப்பது நல்லது. பரண் வேண்டாம், வெயிலும் ஈரமும் படாத அலமாரி போதும்.

* அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். எதுவும் எழுதாமல் இருந்தால், எந்த ஊர், எந்தக் கல்யாணம், வயலின் யார், மிருதங்கம் யார் என்று கேட்டு எழுத வேண்டும். அதைச் சொல்லக்கூடிய தாத்தாவோ அத்தைப்பாட்டியோ இன்னும் இருந்தால், இந்த வாரமே ஒரு போன் போடுவது உத்தமம். டேப்கூட இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கும்.