நூலகர் திறப்புக் காவலர் அல்லர்

“கையிலே தொலைபேசி இருக்கும்போது நூலகம் எதற்கு?” என்ற கேள்வி இப்போது எமது கரையோர ஊர்களில் அடிக்கடி கேட்கிறது. கேட்பவர்கள் தம்மைக் காலத்தோடு நடப்பவர்கள் என்று எண்ணிக்கொள்கின்றனர். அவர்களுக்கு மறுமொழி கூறப் புறப்படும் நூலக அபிமானிகளோ புதிய கட்டடத்தையும் கண்ணாடி அலுமாரியையும் காட்டி, “பாருங்கள், எத்தனை நூல்கள்!” என்று பெருமைப்படுகின்றனர். எதிரணிகளாகத் தோன்றும் இவ்விரு சாராரும் உண்மையில் ஒரே கட்சியினர். நூலகம் நூல்களை அடுக்கிவைக்கும் களஞ்சியம், நூலகர் அக்களஞ்சியத்தின் திறப்பை இடுப்பிற் செருகிய காவலர் என்பதே இருவரது கருத்தும். களஞ்சியமே வேண்டாம் என்கிறார் ஒருவர். அழகிய களஞ்சியம் வேண்டும் என்கிறார் மற்றவர். நூலகர் ஓர் ஆசிரியர் என்ற எண்ணம் இருவருக்கும் எழவில்லை. அவ்வெண்ணம் எழாதவரை இப்பிரதேசத்தின் உயர்கல்வி அரைகுறையாகவே இருக்கும் என்கிறோம் நாம்.

இங்கே உயர்கல்வி யாருக்காக வந்தது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாத்திரம் உரித்தாயிருந்த கதவை ஏழை மக்களுக்கும் திறந்துவிட்டது. யுத்த காலத்தில் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கற்க இயலாது தவித்த மாணவர்களின் அவலத்திலிருந்து எழுந்ததே ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய அது, 1996இல் பல்கலைக்கழகமாயிற்று. சம்மாந்துறை வயல்களில் நாட்கூலிக்கு நிற்பவரும், சாய்ந்தமருதுக் கடற்கரையிற் கரைவலை இழுப்பவரும், மருதமுனைத் தறிகளில் அமர்பவரும் தம் பிள்ளைகளைப் பட்டதாரிகளாகக் காணும் கனவுக்கு அது உருக்கொடுத்தது.

ஆனால் அப்பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை எவ்வித ஆயத்தத்தோடு மிதிக்கின்றனர்? உயர்தர வகுப்பு இரண்டாண்டும் பாடசாலையிற் பாதி, டியூட்டரியிற் பாதியாகக் கழிகின்றது. வினாவும் விடையும் சேர்த்து அச்சடித்த குறிப்புகளை மனனம் செய்வதும், கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பதுமே அங்கே கல்வி. ஒரு பொருளைப் பற்றி இரு நூல்கள் முரண்பட்டால் எதனை ஏற்பது என்ற கேள்வி அம்மாணவர் முன் ஒருநாளும் வைக்கப்படுவதில்லை. அத்தகையவரிடம், பல்கலைக்கழகத்திற் புகுந்த சில வாரங்களுக்குள், “ஆதாரங்களுடன் ஒரு கட்டுரை எழுதி வா” என்று கட்டளையிடுகின்றோம். நூற்பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மாணவரோ தமிழிற் கற்று வந்தவர். என்ன செய்வார்? முன்னைய ஆண்டு மாணவரின் கட்டுரையைப் பார்த்தெழுதுவார். இணையத்திற் கண்டதை வெட்டி ஒட்டுவார். உடனே ஒழுக்கம் கெட்டது, தலைமுறை கெட்டது என்று ஓலமிடுகிறோம். கற்பிக்கப்படாத ஒன்றைச் செய்யத் தெரியாமற்போனது எவ்வாறு ஒழுக்கக்கேடாகும்?

இதனைக் கற்பிக்க வேண்டியவர் யார்? விரிவுரையாளர் தம் பாடத்தைக் கற்பிக்கிறார். அறிவு எங்கே கிடக்கிறது, அதனை எப்படித் தேடுவது, தேடிக் கண்டதை எப்படிச் சோதிப்பது என்பதைத் தொழிலாகவே கற்றவர் நூலகர். இது வெறும் பேச்சன்று. கல்முனையின் சென்ற நூற்றாண்டு வரலாற்றை ஆராய விரும்பும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். “அம்பாறை மாவட்டம்” என்ற தலைப்பில் அவர் தேடுவாராயின் 1961க்கு முந்திய ஆவணங்கள் அகப்படமாட்டா. அவ்வாண்டு வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததாயிருந்தது. “கல்முனை” என்று மாத்திரம் தேடினால், கரைவாகுப்பற்று என்ற பழைய பெயரில் எழுதப்பட்டவை தவறிப்போகும். ஆங்கிலப் பதிவுகளில் எம் ஊர்ப் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து வேறுபட்டுக் கிடக்கும். எந்தச் சொல்லால் எந்தக் கதவைத் தட்டுவது, கிடைத்த ஆவணத்தை எழுதியவர் யார், எந்நோக்கத்தோடு எழுதினார், அவர் நேரிற் கண்டவரா, கேட்டெழுதியவரா என்றெல்லாம் அம்மாணவியின் அருகிலிருந்து சொல்லிக்கொடுப்பவர் ஆசிரியரல்லாமல் வேறு யார்? 2005 முதல் ‘நூலகம்’ இணையத்தளம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்கத் தந்துகொண்டிருக்கிறது. கைத்தொலைபேசியில் அத்தனையும் உண்டு. அத்தனைக்குள்ளும் தமக்கு வேண்டியது எது என்று அறியும் பயிற்சி கைத்தொலைபேசியில் இல்லை.

இது பரீட்சைப் புள்ளியோடு முடியும் விவகாரமும் அன்று. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் நடந்ததை நாம் மறந்துவிட்டோமா? முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவிலே கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்று ஒரு வதந்தி கிளம்பிற்று. சிங்களம் சரியாக அறியாத ஊழியர் ஒருவரை மிரட்டிப் பெற்ற தலையசைப்பு ஒளிப்பதிவாகி முகநூலிற் பரவிற்று. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிலே கண்டது மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். உண்டவரை மலடாக்கும் அத்தகைய மாத்திரை உலகில் எங்கும் இல்லை என்பதை எந்த மருத்துவ நூலும் சொல்லியிருக்கும். ஆனால் நூலைத் திறந்து பார்க்கும் வழக்கம், பகிரும் விரலுக்கு முன்னே ஓடவில்லை. அடுத்த மாதமே திகனையில் தீ மூண்டது. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்கிவைத்தது. ஊடகத்தை முடக்குவது சில நாளைக்குத்தான் ஆகும். வாசிப்பவரின் அறிவைத் தீட்டுவதே நிலைத்த காப்பு.

வதந்தி தெருவிலிருந்துதான் வரும் என்பதுமில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரிக்கவேண்டும் என்று வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்று நிபுணர் பெயராற் சொல்லப்பட்டது. அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே கூறியிருந்தது. எனினும் 2021 பெப்ரவரி இறுதிவரை எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து சில வாரமேயான பச்சிளங் குழந்தையுந் தப்பவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு எரிந்த உடலை மீட்டுத் தருமா? “எந்த ஆய்வு? யார் செய்தது? எங்கே வெளியாயிற்று?” என்ற மூன்று கேள்விகளே அன்று அந்த அநீதியை அம்பலப்படுத்தியவை. பட்டம் பெரிது, பதவி பெரிது என்று மயங்காமல் சான்றைக் கேட்கும் இம்மூன்று கேள்விகளும் நூலகக் கல்வியின் அரிச்சுவடி. அதிகாரம் பேசும்போது ஆதாரம் கேட்கத் தெரிந்த மக்களை எளிதில் ஆளமுடியாது. நூலகரைத் திறப்புக் காவலராக வைத்திருப்பது சிலருக்கு வசதியாயிருப்பதன் காரணமும் இதுதானோ?

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கேட்டதும் கட்டுரை எழுதித் தருகிறது. நூற்பெயர், ஆசிரியர் பெயர், பக்க எண் அனைத்தும் தருகிறது. தேடிப் போனால் அப்படியொரு நூலே இல்லாதிருப்பதும் உண்டு. 2023இல் நியூயோர்க் நகரில் இரு சட்டத்தரணிகள் இப்பொறி கற்பித்துக் கொடுத்த இல்லாத வழக்குகளை நீதிமன்றத்திற் சமர்ப்பித்து 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பெற்றனர். சட்டம் படித்தவர் கதி இதுவானால் முதலாம் ஆண்டு மாணவர் கதி என்ன? பொறியைத் தடைசெய்யச் சொல்லும் பழைமைவாதிகளோடு எமக்கு உடன்பாடில்லை. பொறி சொன்னதை நூற்பட்டியலோடு ஒப்பிட்டு மெய்யும் பொய்யும் பிரித்தறியும் வழியைக் கற்பியுங்கள் என்கிறோம். அப்படிப் பார்த்தால் நூலகரின் வேலை குறையவில்லை, இப்போதுதான் பெருகியிருக்கிறது.

இக்கருத்து மேல்நாட்டிலிருந்து இறக்குமதியானதென்று சிலர் ஐயுறலாம். ‘தகவல் எழுத்தறிவு’ என்ற சொல் 1974இல் அமெரிக்காவிற் பிறந்தது மெய்தான். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே அதன் பொருளை உணர்ந்து செயற்பட்டவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பூட்டிய அலுமாரியைத் திறந்து வாசகர் தாமே நூலை எடுக்கவிட்டார். நூலையும் வாசகரையும் ஒன்றுசேர்ப்பதே நூலகரின் கடமை என்ற அடிப்படையில் 1931இல் தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டுவண்டியிலே நூல்கள் கிராமங்களுக்குச் சென்றன. கரும்பலகையை விட்டு நூலகத்துக்குச் சென்ற அந்த ஆசிரியர் கடைசிவரை ஆசிரியராகவே இருந்தார் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

எமது நாட்டுச் சட்டமும் இதற்கு மாறானதன்று. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் நூலகரை மூதவையின் உறுப்பினராக்கியிருக்கிறது. பேராசிரியர்களோடு சரியாசனம் உண்டு. ஆனால் மாணவர் முன்னே நிற்க நேர அட்டவணையில் இடம் உண்டா என்பதே கேள்வி. முதல் வாரத்திற் புதிய மாணவரை மந்தையாக அழைத்துச் சென்று, “இது இரவல் பகுதி, இது வாசிப்பறை, இங்கே பேசக்கூடாது” என்று காட்டி அனுப்புவதை எவரேனும் கல்வி என்று சொல்வாராயின், கடலைக் காட்டிவிட்டு நீந்தக் கற்பித்தேன் என்பவருக்கும் அவருக்கும் வேறுபாடில்லை.

பாடசாலைகளின் நிலை இன்னும் மோசம். ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுவதற்கென்றே 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவனம் அமைக்கப்பட்டது. இருந்தும் பல பாடசாலைகளில், பாடவேளை குறைந்த ஆசிரியர் ஒருவரிடம் நூலகத் திறப்பு ஒப்படைக்கப்படுகிறது. வராத ஆசிரியரின் வகுப்பை மேய்ப்பதற்கு முதலில் அழைக்கப்படுபவரும் அவரே. அப்போது நூலகம் பூட்டப்படும். பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்ற பயத்தில் புதிய நூல்கள் உறை பிரியாமல் அலுமாரியிற் கிடக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் அதனோடு ஏறத்தாழ 97,000 நூல்களையும் தீயிட்டவர்கள் நூலின் வலிமையை நன்கு அறிந்திருந்தனர். நூலைப் பூட்டிவைப்பவர்களோ அதன் வலிமையை அறிந்தவர்களாகத் தெரியவில்லை.

நூலகர்களிடமும் நாம் ஒன்று சொல்லியாக வேண்டும். முத்திரை குத்துவதும், தாமதக் கட்டணம் அறவிடுவதும், பேசுபவரை அதட்டுவதுமே தொழில் என்று ஒதுங்கியிருப்போர் உங்களிலும் உண்டு. “எங்களை ஆசிரியராக மதிக்கவில்லை” என்று முறையிடுவோர் முதலில் மேசைக்கு அப்பால் எழுந்து வரவேண்டும். தட்டுத்தடுமாறி நிற்கும் மாணவரிடம் தமிழிலே, “என்ன தேடுகிறாய் தம்பி?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்கள் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே நாம் கோருவன சிலவே. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும், நூலகரும் துறை விரிவுரையாளரும் சேர்ந்து நடத்தும், புள்ளியோடு கூடிய ஒரு பாடநெறி வேண்டும். அது ஆங்கிலத்தோடு நில்லாமல் மாணவரின் தாய்மொழியிலும் விளக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் பயிற்சி பெற்ற ஆசிரிய நூலகரும், நேர அட்டவணையில் நூலகப் பாடவேளையும் வேண்டும்; அவரை வெற்று வகுப்பு மேய்க்க அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு புதிய ஆசிரியரும் இப்பயிற்சியைப் பெற்றிருக்க வேண்டும். எமது ஊர்ப் பொது நூலகங்கள் மஃரிபுக்குப் பின்னும் திறந்திருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் தயக்கமின்றி வந்தமர இடம் வேண்டும்.

“இதற்கெல்லாம் பணம் எங்கே?” என்பர் அதிகாரிகள். கட்டடத்துக்கும் திறப்பு விழாவுக்கும் கல்வெட்டுக்கும் கிடைக்கும் பணம் ஒரு மனிதரைப் பயிற்றுவதற்குக் கிடைக்காதா? செல்வர் பிள்ளைக்கு வீட்டிலே நூலும், கேட்டுத் தெளிய மாமனும் மச்சானும் இருப்பர். நாட்கூலியின் மகளுக்கு நூலகரைத் தவிர வேறு துணையில்லை. ஆசிரிய நண்பர்களும் மாணவத் தோழர்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும், மாணவர் மன்றத்திலும், மாநகர சபையின் முன்னும் இக்கோரிக்கைகளை எழுப்புவார்களாக. அவளுக்குரிய ஆசிரியரை அவளுக்குப் பெற்றுக்கொடுக்கும்வரை நாம் ஓயப்போவதில்லை.