படம் ஓடுகிறது, பேச்சு ஏன் அறுகிறது?

அதே வீடு, அதே வைஃபை. இரண்டரை மணி நேர சினிமா தடங்கலில்லாமல் ஓடுகிறது. வெளியூரில் இருக்கும் மகளை வீடியோ காலில் கூப்பிட்டால் கொஞ்ச நேரத்திலேயே முகம் உறைந்துவிடுகிறது. நெட் சரியில்லை என்கிறோம். நெட் ஒன்றுதான், அதனிடம் நாம் வாங்கும் வேலை இரண்டு.

சினிமா எடுத்து முடித்த சரக்கு. அதைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சர்வரில் வைத்திருப்பார்கள். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையும், 2012இல் சர்வதேசத் தரமாக வெளியான டேஷ் முறையும் இப்படித்தான் இயங்குகின்றன. ஒரு துண்டை நாம் பார்க்கும்போதே அடுத்தவை வந்து சேர்ந்துவிடும். வீடியோவின் அடியில், ஓடிய கோட்டுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை நீள்கிறதே, அதுதான் கையிருப்பு. இணைப்பு தளர்ந்தால் செயலி அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்டு வாங்கும். படம் மங்கும், நிற்காது.

இன்னும் பேசாத சொல்லை முன்கூட்டியே யார் அனுப்புவது? பேச்சில் கையிருப்புக்கு இடம் மிகக் குறைவு. குரல் 150 மில்லிவிநாடிக்குள் மறுமுனையை அடைந்தால் தாமதம் அநேகமாக உறுத்தாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யு.) ஜி.114 பரிந்துரை. தாமதம் கூடக் கூட, இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

ஆகவே நெருக்கடியில் எதை விடுவது என்பதைச் செயலியை வடிவமைப்பவர் முன்பே முடிவு செய்தாக வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் பேசலாம். குரல் போனால் ஒன்றும் மிஞ்சாது. ஓபஸ் என்ற ஒலிமுறை விநாடிக்கு 6 கிலோபிட்டிலேயே குரலைக் கொண்டுபோகும்; வீடியோவுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். முதலில் வீடியோதான் போக வேண்டும், அதையும் சொல்லிவிட்டு. “உங்கள் பக்கம் சிக்னல் குறைவு, வீடியோவை நிறுத்தியிருக்கிறோம், குரல் போகிறது” என்று தமிழில் ஒரு வரி போதும். அந்த வரி இல்லாததால்தான் பெரியவர்கள் “கேக்குதா, கேக்குதா” என்று போனைப் பார்த்துக் கத்துகிறார்கள். சுழலும் வட்டம் யார் பக்கம் கோளாறு என்று சொல்வதில்லை.

சினிமாவிலும் ஒரு குறை உண்டு. தினசரி டேட்டா அளவு பார்த்து ரீசார்ஜ் செய்பவருக்கும் தரத்தைப் பெரும்பாலும் செயலியே தேர்ந்தெடுக்கிறது. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ மணிக்குச் சுமார் 450 எம்.பி. தின்றுவிடும். இந்தக் கணக்கைப் போடுவது செயலிக்குக் கஷ்டமில்லை. தரத்தைக் குறிக்கும் 480, 720 என்ற எண்களுக்குப் பக்கத்திலேயே அதைக் காட்ட வேண்டும்.