ஒரே மலையின் தண்ணீர்

கோடை பிறந்தால் அம்பாசமுத்திரத்திலிருந்து என் தாயார் தொலைபேசியில் தவறாமல் கேட்பார்கள்: "அங்கே தண்ணீர் வருகிறதா, மகனே?" பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து ஆண்டுகள் பலவாகியும், தாமிரபரணி குடித்து வளர்ந்தவனுக்கு அந்நிய ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமோ என்னும் கவலை அவர்களுக்குத் தீரவில்லை. அகத்தியர்கூடம் சென்ற பின்புதான் எனக்கே ஓர் உண்மை விளங்கிற்று.

வனத்துறையின் அனுமதி பெற்று, ஒரு சனவரி மாதத்தில் நானும் என் மனைவியும் போனக்காட்டிலிருந்து நடக்கத் தொடங்கினோம். 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திராவிட்டால் அவள் உச்சிவரை வந்திருக்க இயலாது. காட்டுவழியில் கரமனையாறு குறுக்கிட்டது. நகரத்தில் பேருந்திலிருந்து பாலத்தின்மேல் காணும் அதே ஆறு, இங்கே கல்லுக்குக் கல் கால்வைத்துத் தாண்டும் ஓடை! இந்நீரே பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரையில் சுத்திகரிக்கப்பட்டு, நகரத்துக் குழாய்களுக்கு வருகிறது.

பின்பு புல்மேடு. நிழல் இல்லை, வெயில் வாட்டிற்று. இந்த வெறும் புல்லா ஆற்றைக் காக்கிறது என்று எண்ணினேன். ஆனால் அதன் வேர்ப்பின்னல் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ள, அம்மண் மழையை உறிஞ்சி வைத்து, மலைமடிப்புகளிலுள்ள சோலைகளின் வழியே சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. மழை ஓய்ந்து வாரங்கள் கடந்தும் ஓடைகள் வற்றாதிருப்பது இதனாலேயே. பழனிமலையில் புல்வெளியைத் தரிசென்று கருதிச் சீகையும் தைலமரமும் நட்டார்கள். அவை புல்லைவிட மிகுதியாக நீரைக் குடிப்பவை. அகத்தியமலை 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக்கப்பட்டது. 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது.

உச்சி 1,868 மீட்டர். அங்குள்ள அகத்தியர் சிலையை வணங்க வந்தோர் பலர். நாங்கள் சற்று ஒதுங்கி நின்று ஸ்தோத்திரம் செலுத்தினோம். கிழக்குச் சரிவில் விழும் மழை தாமிரபரணியாகி நெல்லை, தூத்துக்குடி வயல்களுக்குச் செல்கிறது. மேற்கே விழுவது கரமனையாறும் நெய்யாறுமாகிறது. நான் விட்டுவந்த தண்ணீரையும் வந்துசேர்ந்த தண்ணீரையும் பிரிப்பது ஒரு மலைமுகடு மாத்திரமே.

இவ்வளவு தூரம் நடக்க இயலாத முதியோர் பொன்முடிக்குப் பேருந்திலேயே போகலாம். அங்கும் புல்மேடுகள் உண்டு.

திரும்பியதும் அம்மாவிடம் யாவையும் விவரித்தேன். பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "மேலே மழை உண்டா?" என்றார்கள்.