மலைமேல் காத்திருப்பவர்களை யார் பார்ப்பது?

கேமரன் மலையின் தானா ராத்தாவிலிருந்து செலாயாங் மருத்துவமனைக்குச் சுமார் 200 கிலோமீட்டர். தாப்பாவுக்கு இறங்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டரும் வளைவுக்கு மேல் வளைவு. வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் கல்லீரல் நோயாளிக்கு அந்த இறக்கமே ஒரு தண்டனை. விடியுமுன் கிளம்பி, இரத்தம் கொடுத்து, மருத்துவரைச் சில நிமிடம் பார்த்து, இரவில் வீடு திரும்பினால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான். அடுத்த தேதி வரும்வரை அவரை யார் பார்க்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

பெரியவர்களுக்கு அரசு கல்லீரல் மாற்று அறுவை செய்யும் மையம் செலாயாங். அங்கே திறமைக்குக் குறைவில்லை, உறுப்புக்குத்தான் பஞ்சம். இறந்தபின் உறுப்பு தருவோர் ஸ்பெயினில் பத்து லட்சம் பேருக்கு 40-ஐத் தாண்டுகிறார்கள். மலேசியாவில் சுமார் ஒருவர் என்ற அளவிலேயே நிற்கிறோம். ஆகவே நம் நாட்டில் உறுப்பு மாற்றுப் பட்டியலில் பெயர் ஏறுவது என்றால் காத்திருக்கத் தொடங்குவது என்று பொருள். காத்திருக்கும் அந்தக் காலத்தில் நோயாளிக்கு நாம் மாத்திரை தருகிறோம், இரத்தப் பரிசோதனை செய்கிறோம். அவருடைய தசையை மட்டும் கவனிப்பதில்லை.

சுருங்கிப்போன கல்லீரலால் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுக் காலை எட்டு வரை வயிறு காய்ந்தால், நலமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்கு அது சமம். எரிபொருள் இல்லாத உடல் தன் தசையையே கரைத்துத் தின்கிறது. தொடையும் தோளும் வற்றிப்போகும். வயிற்று நீரின் கனத்தால் எடை மட்டும் குறையாது. தராசு பொய் சொல்லும். தசை போனவர் அறுவைக்கு முன்பே இறக்கும் ஆபத்து கூடுகிறது. அறுவைக்குப் பின் எழுந்து நடக்கவும் நாளாகிறது. பட்டியலில் யார் முன்னே என்று தீர்மானிக்கப் பல நாடுகள் பயன்படுத்தும் மெல்ட் மதிப்பெண் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனையையே பார்க்கிறது. தசை அதில் வராது.

தசையை அளக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கைப்பிடியின் வலு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார ஆகும் நேரம், கால்களைச் சேர்த்து நிற்கும் நிதானம் ஆகிய மூன்றை வைத்து நலிவைக் கணக்கிடும் முறையை 2017-இல் கலிபோர்னிய மருத்துவர்கள் வகுத்தார்கள். தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையில் ஒரு தாதி இதைப் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் எல்-ஃபிட் என்ற கைப்பேசிச் செயலியை உருவாக்கினார்கள். நோயாளி எவ்வளவு நடக்கிறார் என்று பார்த்து அவரவர் நிலைக்கேற்ற பயிற்சியை அது வீட்டிலேயே காட்டுகிறது. பிரிட்டனிலும் வீட்டுப் பயிற்சியைத் தொலைவிலிருந்து ஊக்குவிக்கும் ஆய்வு நடந்தது. இவற்றால் உயிர் பிழைப்போர் கூடுவார்கள் என்பது இன்னும் உறுதிப்படவில்லை. நடக்கும் திறனும் தசையின் வலுவும் கூடும் என்பதற்குச் சான்று இருக்கிறது. நமக்கு அதுவே போதும்.

தேயிலைக் காட்டில் முப்பது வருடம் ஏறி இறங்கியவருக்கு உடற்பயிற்சி சொல்லித் தருவதா என்று சிரிப்பவர்கள் உண்டு. நோய் என்று தெரிந்த மறுநாளே வீட்டார் சொல்வது என்ன? "உடம்ப அலட்டிக்காதீங்க, படுங்க." அன்பில் சொல்வதுதான், ஆனாலும் அந்தப் படுக்கையே தசையைத் தின்கிறது. மழை நனைத்த சரிவில் நடக்கச் சொல்வதும் ஆபத்தே. விழுந்தால் இரத்தம் எளிதில் உறையாது. உணவுக்குழாயில் புடைத்த நாளம் இருப்பவர் முக்கி முக்கிப் பாரம் தூக்கக் கூடாது. ஆகவே இயன்முறை மருத்துவர் முதலில் நேரில் பார்க்க வேண்டும். அதன்பின் லயத்து வராந்தாவும் ஒரு நாற்காலியும் போதும்.

சாப்பாட்டில் நம் பிழை இன்னும் பெரியது. 'காமாலை' என்ற சொல் காதில் விழுந்ததும் முட்டை, மீன், கோழி எல்லாம் நின்றுபோய், கஞ்சியும் கீழாநெல்லியும் வந்துவிடுகின்றன. ஐரோப்பிய உணவியல் வழிகாட்டி இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். கல்லீரல் நோயால் நினைவு தடுமாறும் நிலை வந்தாலும் புரதத்தை வெட்டக் கூடாது என்பதே இன்றைய மருத்துவம். விரதம் இருப்பவர், சைவம் சாப்பிடுபவர் கலங்க வேண்டாம்: பருப்பு, தயிர், தோஃபு, டெம்பே எல்லாம் புரிஞ்சாங் சந்தையிலேயே கிடைக்கும். படுக்குமுன் ஒரு சிற்றுண்டி கட்டாயம். இரண்டு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், ஒரு குவளை பால் போதும். நீரிழிவு இருந்தால் அளவை உணவியலாளர் சொல்வார். உப்பு மிகுந்த கருவாட்டையும் ஊறுகாயையும் ஒதுக்க வேண்டும். இதையெல்லாம் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் சமையலறைக்கு வந்து சேராது. வாரம் ஒருமுறை காணொளியில் ஒருவர், "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, அக்கா?" என்று தமிழில் கேட்டால்தான் வந்து சேரும்.

இணையம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மலை மடிப்புகளில் அலைவரிசை விட்டுவிட்டுத்தான் வரும். நினைவு தடுமாறும் நோயாளிக்குக் கடவுச்சொல்லே நினைவிருக்காது. அதனால் சேவை மனைவியின் அல்லது மகளின் கைப்பேசிக்குப் போக வேண்டும். காணொளி அறுந்தால் சாதாரண அழைப்பு தொடர வேண்டும். ஆளும் நேரில் போக வேண்டும்: தமிழ்நாடு 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. ஆளும் கருவியும் சேர்ந்தால்தான் பலன்.

குடித்துக் கெட்டவர்களுக்கு இவ்வளவு செலவா என்ற முணுமுணுப்பும் நம் காதில் விழாமல் இல்லை. சம்சு என்ற மலிவுச் சாராயம் நம் தோட்டங்களைச் சீரழித்தது உண்மை. ஆனால் கல்லீரல் சுருங்க மது மட்டுமே காரணமல்ல. பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இந்நாட்டில் 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தோர் அந்தக் காப்பின்றி வளர்ந்தவர்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் பாதிக்கு மேல் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். கொழுப்புக் கல்லீரலின் வாசல் அது. குடித்தவரே ஆனாலும் நோயாளி நோயாளிதான்.

சுகாதார அமைச்சு செய்ய வேண்டியது அதிகமில்லை. பட்டியலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அன்றே நலிவுச் சோதனை. ஓர் உணவியலாளர், ஓர் இயன்முறை மருத்துவர் வாரந்தோறும் தொலைவிலிருந்து பேசுவது. மாதம் ஒருமுறை தானா ராத்தாவில் நேரில் அளவெடுப்பது. எல்லாம் மலாயில் மட்டுமன்றித் தமிழிலும். இன்று கொழுந்தெடுக்கும் நேப்பாள, வங்கதேசத் தொழிலாளர்களின் மொழிகளையும் பின்னர் சேர்க்கலாம். தோட்ட நிர்வாகங்கள் தங்கள் மண்டபத்தில் இணையத்தோடு ஓர் அறையை வாரம் ஒரு மணி நேரம் தரட்டும். கேமரன் மலையிலிருந்தே இதைத் தொடங்குங்கள் என்று அமைச்சைக் கேட்டுக்கொள்கிறோம்.