டப்பா பொங்கினால் தண்ணீர் ஊற்றுவதுதான் வைத்தியமா?

நவரைப் பட்ட நெல் அறுவடையாகும் ஏப்ரல், மே மாதங்களில் உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்திலிருந்து காஞ்சிபுரம் வரும் சாலைகளில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். மூட்டை ஏற்றிய லாரியோ, நாலைந்து பேர் சேர்ந்து கடனில் வாங்கிய சிறு சரக்கு வண்டியோ ஏரிக்கரை ஓரம் நிற்கும். கூலன்ட் டப்பா பொங்கிப் பச்சை நீர் தரையில் வழியும். ஓட்டுநர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போவார். ஊற்றியதும் வண்டி கிளம்பிவிடும். நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே கதை.

இந்த வழக்கத்தை விவசாயிகள் விட்டாக வேண்டும். ஆனால் அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கிணற்று மேட்டில் ஓடிய டீசல் பம்புசெட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த எஞ்சினில் கிணற்று நீரில் ஒரு பங்கு உள்ளே புகுந்து, சூடாகி, வாய்க்காலில் போய் விழும். வெந்நீர் வெளியே வந்தால்தான் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று பொருள். பழைய லாரிகளிலும் டப்பா கிடையாது. ரேடியேட்டரில் மிஞ்சியது ரோட்டில் போகும், ஓட்டுநர் பக்கத்தில் ஒரு தகர டின் தண்ணீர் இருக்கும். இன்றைய வண்டி அப்படியல்ல. ஒரே நீரைத்தான் அது வருடக்கணக்கில் சுற்றவிடுகிறது. அதிலிருந்து நீர் வெளியே வந்தால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது.

10 லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் சுமார் 300 மில்லி அதிகமாக விரியும். அந்த அதிகப்படி நீர் மூடியைத் தள்ளிக்கொண்டு டப்பாவுக்குப் போய், எஞ்சின் ஆறியதும் திரும்ப ரேடியேட்டருக்கே உறிஞ்சப்படும். எனவே காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நீர் நின்றால் போதும். விளிம்பு வரை நிரப்பினால் விரிகிற நீருக்கு இடமில்லாமல் வழியத்தான் செய்யும். பொங்குகிறது என்று வரும் வண்டிகளில் சிலவற்றுக்கு இதைத் தவிர வேறு கோளாறே இராது.

அடுத்துப் பார்க்க வேண்டியது மூடி. அது வெறும் மூடியல்ல. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அதனால்தான் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரியை நெருங்கும் வரை தாங்குகிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ நீர் முன்கூட்டியே கொதித்து டப்பாவுக்கு ஓடிவிடும். மூடியில் உறிஞ்சு வால்வு அடைத்துக்கொண்டால் போன நீர் திரும்பாது. எஞ்சின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிக் கிடப்பது அதற்கு அடையாளம். சூடாக இருக்கும்போது மட்டும் எந்த மூடியையும் தொடக்கூடாது. சில வண்டிகளில் டப்பாவின் மூடியே இந்த அழுத்த மூடி. திறந்த மறுகணம் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கவும் கூடும்.

களத்துமேட்டுக்குப் போய் வருகிற வண்டியில் ரேடியேட்டரின் முகம் பதராலும் வைக்கோல் தூசியாலும் அடைத்துப்போவது சகஜம். எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். விசிறி பெல்ட்டையும் கையோடு அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தும் பொங்கினால் விஷயம் பெரிது. ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கலாம். சிலிண்டரில் எரிந்த வாயு நீருக்குள் புகுந்து, அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து, நீரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முதலில் சில குமிழிகள் வந்து நின்றுவிட்டால் பயமில்லை. சூடேறுவதற்கு முன்பே ஓயாமல் குமிழி வந்தால், அல்லது மூடியைப் போட்டு ஓட்டிய ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அந்த வண்டியில் அன்று லோடு ஏற்றக்கூடாது. எண்ணெய்க் குச்சியில் பால் கலந்த டீ நிறம் தெரிந்தால் எஞ்சினை ஓட்டவே கூடாது. "கொள்முதல் நிலையம் வரை போய்விடும்" என்று தண்ணீர் ஊற்றி ஓட்டினால் ஹெட் வளைந்து, பிஸ்டன் பிடித்து, ஒரு போகத்து வருமானம் பட்டறையில் போய்விடும்.

பட்டறைகளில் சொல்லும் ஒரு யோசனையையும் ஏற்கக்கூடாது: "தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள், நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு?" அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் மிகும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு இன்னும் ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் அதைக் கழற்றிக் கொதிநீரில் போட்டுப் பார்க்கலாம். வாய் திறக்காவிட்டால் புதிதாக வாங்கிப் போடலாம்.

எந்த நீரை ஊற்றுவது என்பதைக் காஞ்சிபுரத்தாருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாலாற்றுத் தண்ணீரால்தான் பட்டுக்கு அந்தப் பளபளப்பு என்று பேசும் ஊர் அது. பட்டு நூலின் பசையை நீக்க சோப்பு நீரில் கொதிக்க வைக்கும்போது, உப்புத் தண்ணீரானால் நுரையே வராது. அப்படிப்பட்ட கிணற்று நீரைத்தான் வண்டியில் ஊற்றுகிறார்கள். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். குளிரில்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்றால், அது துருவையும் படிவையும் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. வண்டியின் கைப்புத்தகம் சொல்லும் அளவில் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து ஊற்ற வேண்டும். ஒன்று மறக்கக்கூடாது: கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள விஷம். தொழுவத்துப் பக்கம் அது வழிந்தால் ஆடு மாடும் நாயும் நக்கிவிடும். உடனே மண் போட்டு அள்ளி அப்புறப்படுத்த வேண்டும்.

வண்டி விற்பவர்கள் சாவி கொடுக்கும் நாளில் தவணைக் கணக்கை விவரமாகச் சொல்கிறார்கள். மூடியையும் டப்பாவையும் காட்டிக் கால் மணி நேரம் பேச யாரும் இல்லை. தமிழில் கைப்புத்தகம் கிடைக்குமா என்று வாங்குபவர் கேட்டுப் பார்க்க வேண்டும். டிராக்டருக்கும் இதே கோளாறுகள்தான் என்பதால், பண்ணை இயந்திரப் பயிற்சி நடத்தும் இடங்களில் உழவு, விதைப்புக் கருவிகளோடு இதற்கும் அரை நாள் ஒதுக்கலாம். கேஸ்கெட் மாற்றக் கொடுக்கும் விவசாயி, ஹெட்டின் அடிப்பாகத்தில் தன் கண் முன்னே நேர்க்கட்டை வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் போட்டால் அடுத்த லோடுக்குள் டப்பா மறுபடியும் பொங்கும்.