பழைய குட்டி யானை வாங்கலாமா மச்சி?

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்று கொஞ்சம் வெயிட்டானது. அனுப்பியவர் பி.காம். கடைசி வருஷம். நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்தநாள், வளைகாப்பு விழாக்களுக்கு ஸ்பீக்கர், லைட், அலங்கார சாமான் கொண்டுபோய் வைக்கிறார்களாம். மாசத்துக்கு நாலு ஆர்டர். வண்டி வாடகை நடைக்கு 1,200 ரூபாய். 'சம்பாதிக்கிறதெல்லாம் வண்டிக்காரருக்கே போகுது சார். ஒரு லட்சத்துக்கு பழைய குட்டி யானை ஒண்ணு இருக்கு. அம்மா செயினை அடகு வச்சுக்கச் சொல்லிட்டாங்க. வாங்கலாமா?'

அந்தக் கடைசி வரிக்கு முந்தைய வரிதான் இந்த வாரக் கட்டுரைக்கே காரணம். செயின் அம்மாவோடது. அதனால நிதானமா கணக்குப் போடுவோம்.

முதல்ல பேப்பரும் பேனாவும்!

வாடகை வருஷத்துக்கு 48 நடை, 57,600 ரூபாய். பெரிய தொகைதான். இப்போ சொந்த வண்டி. சரக்கு வாகனத்துக்கான தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ், 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 16,049 ரூபாய். வரி தனி. 17,000-னு வச்சுக்குவோம். எஃப்.சி.க்கு முன்னால பிரேக், லைட், பெயின்ட்னு ஒரு 15,000. பேட்டரி, டயர், சில்லறை ரிப்பேர்னு இன்னொரு 15,000. நகைக்கடன் வட்டி 12,000. வண்டியை எடுக்காம வாசல்ல நிறுத்தி வச்சாலே 59,000 ரூபாய் காலி! டீசல் நடைக்கு 250-னு போட்டா மொத்தம் 71,000.

ஆக, நாலு நடைக்கு வாடகை வண்டிதான் லாபம். மாசம் அஞ்சு நடை வந்தா ரெண்டும் கிட்டத்தட்ட சமம். ஆறைத் தாண்டினாத்தான் சொந்த வண்டி உங்களுக்குச் சம்பாதிச்சுக் கொடுக்கும். உங்க ஊர் ரேட்டைப் போட்டு இதே கணக்கை நீங்களும் செய்யலாம்.

என் பதில்: ஆறு மாசம் பொறுங்க. ஆர்டர் ஆறுக்கு மேல நின்னா வாங்குங்க. அதுவரைக்கும் செயின் அம்மா கழுத்துலயே இருக்கட்டும்.

சரி, ஆறு மாசம் கழிச்சு வாங்கறதுன்னு முடிவாயிடுச்சு. எதை, எப்படி?

சாமானுக்கு ஏத்த வண்டி

டாடா ஏஸ் 2005-ல் வந்தது. ரெண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், 16 குதிரை சக்தி. உங்க ஃப்ரெண்டோட 150 சி.சி. பைக்குக்கும் அதுக்கும் சக்தியில பெரிய வித்தியாசம் கிடையாது! ஆனா முக்கால் டன் சுமக்கும். பிளாஸ்டிக் சேர் ஒண்ணு ரெண்டரை கிலோன்னு வச்சாலும் 200 சேர் 500 கிலோதான். ஸ்பீக்கர், அலங்கார சாமானெல்லாம் இடத்தைத்தான் அடைக்கும், எடை கம்மி. ஊருக்குள்ள ஓட்ட ஏஸ் தாராளம்.

ஏற்காடு, கொடைக்கானல்னு மலை ஏறணும், அடிக்கடி ஒரு டன்னுக்கு மேல ஏத்தணும்னா அசோக் லேலண்ட் தோஸ்த் பாருங்க. 2011-ல் வந்தது, ஓசூர் தயாரிப்பு, ஒண்ணேகால் டன் தாங்கும். பொலேரோ பிக்கப் இன்னும் முரட்டு ஆள். ஆனா விலையும் பராமரிப்பும் அதுக்கேத்த மாதிரி. 'எதுக்கும் இருக்கட்டும்'னு பெரிய வண்டி வாங்கறது, ஒருத்தருக்குச் சமைக்க அண்டா வாங்கற கதை.

வண்டி முன்னாடி என்ன ஜாதகம்?

பழைய லோடு வண்டியில கிலோமீட்டரை நம்பாதீங்க. அது திருப்பக்கூடியது. 'முன்னாடி என்ன லோடு அடிச்சீங்க?'ன்னு கேளுங்க. பிஸ்கட், துணின்னா சந்தோஷம். மீன்னா உஷார்! உப்புத் தண்ணி சொட்டிச் சொட்டி சேஸிஸ் அரிச்சிருக்கும். செங்கல், எம்-சாண்ட் அடிச்ச வண்டியில பின்பக்க ஸ்பிரிங் பட்டை களைச்சுப் போயிருக்கும். காலி வண்டியைச் சமதரையில நிறுத்தி, பின்னாடி இருந்து பாருங்க. ஒரு பக்கம் சாய்ஞ்சு நின்னா காரணம் கேளுங்க.

அப்புறம் வெட்கப்படாம வண்டிக்கு அடியில படுங்க. மேல புது பெயின்ட் பளபளன்னு இருக்கும். உண்மை கீழதான் இருக்கு. சேஸிஸை ஸ்க்ரூ டிரைவரால தட்டுங்க. துரு பொல பொலன்னு உதிர்ந்தாலோ, புதுசா வெல்டிங் தழும்பு தெரிஞ்சாலோ, கும்பிடு போட்டுக் கிளம்பிடுங்க.

காலையில சீக்கிரமா, சொல்லாம போங்க. இன்ஜின்ல கை வச்சுப் பாருங்க. ஏற்கெனவே சூடா இருந்தா, உங்களுக்காக யாரோ முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். புகை நீலமா வந்தா ஆயில் எரியுது. கறுப்பா தள்ளினா இன்ஜெக்டரோ ஏர் ஃபில்டரோ வேலை கேட்குது. நல்லா சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா, ஆயில் குச்சியை உருவிப் பாருங்க. ஆயில் பால் காபி நிறத்துல இருந்தா உள்ளே தண்ணி கலந்திருக்கு. பெரிய செலவு!

இதையெல்லாம் பார்க்க உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கற 500 ரூபாய் வீண் போகாது. ஆனா அவர் புரோக்கரோட ஆளா இருக்கக் கூடாது.

காகிதம் பேசட்டும்

ஆர்.சி.யில ஃபைனான்ஸ் கம்பெனி பேர் இருக்கா பாருங்க. இருந்தா, கடன் முடிஞ்ச கடிதமும் படிவம் 35-ம் கைக்கு வராம அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீங்க. வண்டி நம்பரைப் போட்டு எம்-பரிவாகன் ஆப்ல எஃப்.சி., இன்ஷூரன்ஸ் தேதிகளைப் பாருங்க. பாக்கி அபராதத்தையும் செக் பண்ணுங்க. வாங்கின 30 நாளுக்குள்ள பேர் மாத்தறதுக்கு விண்ணப்பிக்கணும். 'அப்புறம் மாத்திக்கலாம்'ங்கற பேச்சே வேணாம்.

வண்டி எட்டு வயசு தாண்டினா வருஷா வருஷம் எஃப்.சி. 15 வயசு தாண்டின சரக்கு வாகனங்களுக்கு அந்தக் கட்டணத்தை 2022-லயே பல மடங்கு ஏத்திட்டாங்க. 'ரொம்ப சீப்பா கிடைக்குது'ன்னு சொல்ற வண்டியோட வயசைப் பாருங்க, காரணம் புரியும்.

ஒரு நல்ல சேதி: மொத்த எடை 3 டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம். இன்னொண்ணு: கார் லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வண்டியை ஓட்டலாம்னு 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதை, 2024 நவம்பரில் அரசியல் சாசன பெஞ்சும் உறுதி செஞ்சிடுச்சு. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் போக்குவரத்து வாகனத்துக்கு 20 வயசுன்னு சொல்லுது. ஃபர்ஸ்ட் இயர் தம்பிகள் சாமான் ஏத்தி இறக்கினா போதும்!

நாலு பேர், ஒரு பேர்

பணம் நாலு பேர் போட்டாலும் ஆர்.சி. ஒருத்தர் பேர்லதான் இருக்கும். நாளைக்கு ஏதாவதுன்னா கோர்ட் அவரைத்தான் கூப்பிடும். அதனால யார் எவ்வளவு போட்டது, ரிப்பேருக்கு யார் கொடுக்கறது, ஒருத்தர் வேலைக்குப் போயிட்டா பங்கு என்ன ஆகும்? ஒரு பக்கத்துல எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்க. நட்புக்குள்ள எதுக்குன்னு நினைக்காதீங்க. நட்பு நிலைக்கணும்னுதான் எழுதச் சொல்றேன்.

கடைசியா ஒண்ணு. இதுதான் ரொம்ப முக்கியம். விழா முடிஞ்சு ராத்திரி திரும்பறப்ப, 'ஏறுங்கடா'ன்னு பத்துப் பேர் பின்னாடி ஏறி, பாட்டுப் போட்டுட்டு வர்றது ஜாலியாத்தான் இருக்கும். சரக்கு வண்டியில சும்மா ஏறி வர்ற ஆளுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டிய பொறுப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கிடையாதுன்னு 2002-லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. அந்தப் பணத்தை வண்டிக்காரர்தான் கட்டணும். பணத்தை விடுங்க, அந்தத் தொட்டியில பெல்ட் இல்லை, பிடிமானம் இல்லை. ஒரே ஒரு சடன் பிரேக் போதும்.

ஸ்பீக்கர் உடைஞ்சா வேற வாங்கிக்கலாம். பசங்க பஸ்லயே வரட்டும்!